எங்கள் சுவரின் ஏழு எருமைகள்

எங்கள் வீட்டு ஹாலில் ஏழு எருமைகள் சமையலறையைப் பார்த்து ஓடிக்கொண்டிருக்கின்றன. அவை எருமைகள் அல்ல, குதிரைகள் என்று வருகிறவர்களிடம் சொல்லிச் சொல்லி என் வாய் வலித்ததுதான் மிச்சம். இப்போதெல்லாம் நான் திருத்துவதில்லை. யாராவது "நல்ல எருமை" என்றால், "ஓ" என்று மட்டும் சொல்லிவிட்டுச் சாயா போடப் போய்விடுகிறேன்.

எருமைகள் வந்ததற்குக் காரணம் என் மகள் ஜெர்மன் படித்தது. நாகர்கோவிலில் ஓர் ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருக்கிறாள். ஒரு நாள் மரச்சீனிக் கிழங்கைப் பிட்டு மீன்கறியில் தோய்த்துக்கொண்டே, "நான் ஜெர்மனிக்குப் போகப் போறேன்" என்று அறிவித்தாள். அன்றோடு வீடு வீடாக இல்லை. குளியலறையில் ஜெர்மன், துணி காயப்போடும்போது ஜெர்மன், தோசையைப் புரட்டும்போதும் ஜெர்மன். தொண்டையில் மீன்முள் சிக்கியவர் காறுவதுபோல ஒரு சத்தம் அந்தப் பாஷையில் இருக்கிறது. அது சரியாக வராமல் அவள் பல நாள் காறிக்கொண்டே திரிந்தாள். மேலவீட்டு அக்கா அதைக் கேட்டுவிட்டு நல்லமிளகு போட்ட கஷாயம் காய்ச்சி எடுத்து வந்தாள். எங்கள் வாசலில் மீன் விற்கிறவள்கூட நன்றிக்கு 'டாங்கே' சொல்லப் படித்துக்கொண்டாள். சாளைக்கு விலை குறைக்க மட்டும் படித்துக்கொள்ளவில்லை.

அவள் போவதில் எனக்கு இஷ்டம் இல்லை. இதைச் சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுகிறேன். என் வீட்டுக்காரர் கல்ஃபில் எலக்ட்ரீஷியனாக இருந்தவர். கல்யாணம் ஆன பிறகு நான் அவரோடு வாழ்ந்ததைவிட அவருடைய போனோடு வாழ்ந்ததுதான் அதிகம். அவர் ஒருவழியாகப் பெட்டியைக் கட்டிக்கொண்டு வந்து சேர்ந்து, மூன்று பேரும் ஒரே மேஜையில் சாப்பிடப் பழகிய நேரத்தில் இவள் கிளம்புகிறேன் என்கிறாள். இருப்பது ஒரே பிள்ளை. ஒருத்தரை அனுப்பிவிட்டுக் காத்திருந்தது எனக்குப் போதும் போதும் என்று ஆகியிருந்தது.

ஆனால் அவள் பரீட்சையில் பாஸ் ஆகிவிட்டாள். செய்தி கேட்டதும் மணவாளக்குறிச்சியிலிருந்து என் மைனி ஆட்டோ பிடித்து வந்து இறங்கினாள். மைனி என்றால் என் வீட்டுக்காரரின் அக்கா. அவளுடைய மகனும் கல்ஃபில்தான் இருக்கிறான். ஆட்டோவிலிருந்து அவளுக்கு முன்னால் இறங்கியது பாய்போலச் சுருட்டிக் கட்டிய ஒரு பெரிய கட்டு. ஹாலில் போட்டு அவிழ்த்து விரித்தால், சுவரில் தொங்கவிடுகிற கம்பளம். ஆள் நீளத்தைவிடப் பெரிது. நீல ஆற்றில் தண்ணீரை வாரி இறைத்துக்கொண்டு ஏழு வெள்ளைக் குதிரைகள். பின்னால் மாம்பழ நிறத்தில் சூரியன்.

"இது சும்மா துணி இல்ல கேட்டியா? ஏழு குதிரையாக்கும். இதை மாட்டின வீட்டுல பிள்ளையளுக்கு வெளிநாடு உறப்பு. எங்க வீட்டுல மாட்டின கையோட எம்மவனுக்கு விசா வந்துல்லா?" என்றாள் மைனி.

நாங்கள் சபைக்குப் போகிற குடும்பம். வாஸ்து, சகுனம், ஜாதகம் ஒன்றும் கிடையாது. வீடு கட்டும்போது கன்னிமூலையைக் கொஞ்சம் உயர்த்திக் கட்டினோம் என்றால், அது கொத்தனாரின் மனம் நோகக் கூடாது என்பதற்காக. சமையலறையைத் தென்கிழக்கில் வைத்ததும் காற்றோட்டத்துக்காக. மைனியும் ஸ்தோத்திரம் சொல்லாமல் தண்ணீர்கூடக் குடிக்க மாட்டாள். ஆனாலும் குதிரை என்று வந்துவிட்டால் எல்லோருக்கும் ஒரு இது.

ஹாலில் காலியாகக் கிடந்தது ஒரே ஒரு நீளச் சுவர்தான். எதிர்ச்சுவரை ஜன்னலும் டிவியும் ஷோகேஸும் பங்குபோட்டுக்கொண்டிருந்தன. அந்த நீளச் சுவரின் இடது பக்கம் முன்வாசல், வலது பக்கம் சமையலறை. கம்பளத்துக் குதிரைகள் ஏழும் இடது பக்கமாக, அதாவது வாசலைப் பார்த்து, வெளியே ஓடின.

அந்த நேரம் பார்த்து மேலவீட்டு அக்கா உள்ளே வந்தாள். வீட்டிலேயே பிளவுஸ் தைத்துக் கொடுப்பது என் தொழில். அவள் தன்னுடைய பிளவுஸ் ஆகிவிட்டதா என்று கேட்க வந்தவள். செல்போனில் வாஸ்து சொல்கிறவர்கள் ஒருத்தரையும் விடாமல் பார்க்கிறவள். குதிரைகளைப் பார்த்ததும் பிளவுஸை மறந்துவிட்டாள்.

"ஐயோ, இது வாசலைப் பாத்துல்லா ஓடுது! ஓடப்பிடாது கேட்டியா? வீட்டுல உள்ள ஐசுவரியம் எல்லாம் அதுக்குப் பொறத்தால இறங்கிப் போயிரும். குதிரை எப்பவும் உள்ளோட்டு ஓடணும்."

"நல்ல கதை!" என்றாள் மைனி. "பிள்ள வெளிய போகணும்னா குதிரையும் வெளியதானே ஓடணும்? உள்ளோட்டு ஓடிச்சுன்னா பிள்ள எங்க போவா? அடுக்களைக்கா?"

அடுக்களைக்கு என்ற வார்த்தை எனக்கு மிகவும் பிடித்துவிட்டது. எனக்கு இதிலெல்லாம் நம்பிக்கை இல்லைதான். ஆனால் ஓடுவதற்குக் குதிரைக்கு என் நம்பிக்கை எதற்கு? நான் உடனே மேலவீட்டு அக்காவின் கட்சியில் சேர்ந்துவிட்டேன். வாழ்க்கையில் முதல்முறையாக அவளுக்குக் கேட்காமலேயே சாயாவும் பழபஜ்ஜியும் கொடுத்தேன். அவள் சந்தேகத்தோடுதான் தின்றாள்.

மைனியை ஆட்டோ ஏற்றி அனுப்பிவிட்டு, மறுநாள் என் வீட்டுக்காரர் டிரில்லிங் மெஷினை எடுத்தார். கல்ஃபிலிருந்து அவர் கொண்டுவந்த சாமான்களில் அவருக்கு மிகவும் பிரியமானது அது. பெட்டியைத் திறந்து துடைத்துவிட்டு மறுபடியும் மூடி வைப்பார். ஓட்டை போட ஒரு சாக்கு கிடைக்காமல் இத்தனை நாள் தவித்துக்கொண்டிருந்தார். கண்ணாடி போட்டு, காதில் பென்சில் செருகி, ஸ்டூலில் ஏறி, மட்டக்கட்டை வைத்து அளந்து, "எல்லாரும் தள்ளி நில்லுங்க" என்றார். நாங்கள் தள்ளித்தான் நின்றிருந்தோம்.

முதல் ஓட்டையிலேயே 'பட்' என்று ஒரு சத்தம். ஃபேன் நின்றது. பிரிட்ஜ் நின்றது. ஊருக்கெல்லாம் வயர் இழுத்தவர், இந்த வீட்டுக்கும் அவரே வயர் இழுத்தவர். சொந்தச் சுவருக்குள் வயர் எந்த வழியாகப் போகிறது என்பது மட்டும் அவருக்கு மறந்துபோயிருந்தது.

"குதிரை இன்னும் சொவத்துலயே ஏறல்ல. அதுக்குள்ள கரண்டு போயாச்சு" என்றாள் மகள்.

அவர் மெஷினையும் வாயையும் மூடிக்கொண்டு வயரைச் சரிசெய்தார். சுவரை உடைத்து, ஒட்டுப் போட்டு, சிமெண்டு பூசி, ஒரு வழியாக வேறு இடத்தில் இரண்டு கொக்கி இறுக்குவதற்குள் மதியச் சாப்பாடு மாலைச் சாயாவானது. அதற்குள் என் பங்கு வேலையை நான் முடித்திருந்தேன். கம்பளத்தின் மேல் ஓரத்தில் கம்பி நுழைய வழி வேண்டும். பாவாடைக்கு நாடா கோர்க்க மடித்துத் தைப்போமே, அதுபோல. கம்பி அவர் கையில், ஊசி என் கையில்.

தைப்பதற்காகக் கம்பளத்தைக் குப்புறப் புரட்டிப் போட்டேன். அப்படியே நின்றுவிட்டேன். மறுபக்கத்தில் குதிரைகள் வலது பக்கமாக ஓடிக்கொண்டிருந்தன. நெய்த துணிக்கு எப்போதும் ஒரு நல்ல பக்கம், ஒரு மறுபக்கம் உண்டு என்பது தையல்காரிக்குப் புதிதா என்ன? ஆனால் அந்த நிமிஷம் பைபிளில் சங்கீதப் புத்தகத்தில் யாரோ எனக்காகவே எழுதி வைத்திருந்த வசனம் கண்ணில் பட்டதுபோல இருந்தது. இப்படியே மாட்டினால் ஏழும் நேராகச் சமையலறைக்கு ஓடும்!

மடிப்பை நல்ல பக்கத்தில் விழும்படி வைத்து, இரட்டைத் தையல் போட்டேன். இனி யாராவது திருப்பி மாட்டினால் தடித்த மடிப்பு முன்னால் துருத்திக்கொண்டு நிற்கும். ஒளித்து மறைத்துச் செய்யவில்லை. தையல் மிஷினைக் கடகடவென்று ஓட்டிக்கொண்டே, "உள்ளோட்டு ஓடுற மாதிரி தைக்கேன்" என்று சத்தமாகச் சொன்னேன். சிமெண்டு குழைத்துக்கொண்டிருந்த அவர், "ஏதோ ஒண்ணு சீக்கிரம் தையி" என்றார்.

மாட்டிவிட்டுக் கீழே இறங்கி நிமிர்ந்து பார்த்தபோதுதான் அவருக்கு விஷயம் விளங்கியது. எனக்கும் அப்போதுதான் விளங்கியது என்று வைத்துக்கொள்ளுங்கள். தரையில் கிடந்தபோது திசையை மட்டும்தான் பார்த்திருந்தேன், நிறத்தைக் கவனிக்கவில்லை. மறுபக்கத்தில் வெள்ளையெல்லாம் கறுப்பு, கறுப்பெல்லாம் வெள்ளை. குதிரைகள் கன்னங்கரேல் என்றிருந்தன. பிடரி மயிர் இருக்க வேண்டிய இடத்தில் தொங்கிய நூல் கொம்பாகத் தெரிந்தது. அவை இறைத்த தண்ணீர் சேறாகியிருந்தது.

"சூரியன் கறுத்துப்போச்சே" என்றார் அவர்.

"கிரகணம்" என்றேன்.

மகள் பார்த்தாள். மெதுவாகத் தரையில் உட்கார்ந்தாள். பிறகு சிரிக்க ஆரம்பித்தாள். வயிற்றைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வர, "அம்மா, இது எருமை! ஏழு எருமை!" என்று சொல்லிச் சொல்லிச் சிரித்தாள்.

அவர் உடனே திருப்பி மாட்ட ஸ்டூலை இழுத்தார். அவள் எழுந்து ஸ்டூலைப் பிடித்துக்கொண்டாள். "வேண்டாம்ப்பா. கெடக்கட்டும். அது எதுக்கு அங்கோட்டுத் திரும்பியிருக்குன்னு எனக்குத் தெரியும்" என்றாள். சிரித்துச் சிவந்த முகத்தோடு என்னைப் பார்த்தாள். எனக்கு அந்தப் பார்வையைத் தாங்க முடியவில்லை. அடுப்பில் ஒன்றும் இல்லாவிட்டாலும், "அடுப்புல பால் இருக்கு" என்று சொல்லிவிட்டுச் சமையலறைக்குப் போய்விட்டேன். எருமைகளும் என்கூடவே ஓடி வந்தன.

அதன்பிறகு வந்தவர்கள் எல்லோரும் எருமை என்றார்கள். கேஸ் சிலிண்டர் போட வந்தவர் நின்று ரசித்துவிட்டு, "மாட்டுப்பொங்கலுக்கு வாங்கினதா?" என்றார். மேலவீட்டு அக்கா மட்டும் என் கட்சியை விடவில்லை. "நெறம் எதுனா என்ன, திசைதான் முக்கியம்" என்று சொன்னாள். ஆனால் எருமை யாருடைய வாகனம் என்பது அவளுக்கு நன்றாகவே தெரியும். அதனாலோ என்னவோ, அதற்குப் பிறகு வாசலில் நின்றே பிளவுஸை வாங்கிக்கொண்டு போனாள்.

கொஞ்ச நாளில் இன்டர்வியூவுக்குத் தேதி வந்தது. ஜெர்மனியில் ஓர் ஆஸ்பத்திரிக்காரர்கள் வீடியோவில் பேசுவார்களாம். எங்கள் பக்கத்தில் இப்படி ஒன்று வந்துவிட்டால் முதலில் வீட்டில் ஜெபக்கூட்டம் வைக்க வேண்டும். எங்கள் ஐயர் வந்தார். ஐயர் என்றால் போதகர். எங்கள் ஊர்ச் சபைகளில் அப்படித்தான் கூப்பிடுவது வழக்கம். இந்தச் சபைக்கு மாற்றலாகிப் புதிதாக வந்தவர். ஹால் நிறையப் பாய் விரித்து ஜனங்கள் உட்கார்ந்தார்கள். மணவாளக்குறிச்சி மைனியும் வந்து, கதவருகில் செருப்பைக் கழற்றியபடி சுவரைப் பார்த்தாள். ஒரு காலில் செருப்போடு அப்படியே நின்றுவிட்டாள். பாட்டு தொடங்கிவிட்டதால் அப்போது அவளால் ஒன்றும் பேச முடியவில்லை.

ஐயர் உருக்கமாக ஜெபித்தார். பிள்ளையின் படிப்புக்காக, நாவின் வல்லமைக்காக, கதவுகள் திறக்கப்படுவதற்காக. நடுவில் ஒரு மூச்சு எடுக்கக் கண்ணைத் திறந்திருப்பார் போலிருக்கிறது. "ஆண்டவரே, இந்தக் குடும்பத்தாரின் கால்நடைகளையும் நீர் ஆசீர்வதித்துப் பெருகப்பண்ணும்" என்றார். சபை முழுவதும் "ஆமென்" என்றது. எல்லோரையும்விட உரக்க ஆமென் சொன்னவர் என் வீட்டுக்காரர். மகள் முந்தானையால் வாயை அடைத்துக்கொண்டு குலுங்கினாள். பக்கத்திலிருந்த அம்மாமார் அவள் அழுகிறாள் என்று நினைத்து முதுகைத் தடவிக் கொடுத்தார்கள். கூட்டம் முடிந்து சுண்டல் கொடுக்கும்போது ஒரு அம்மா என்னைத் தனியே அழைத்து, காலையில் அரை லிட்டர் பால் தர முடியுமா என்று கேட்டார்.

எல்லோரும் போன பிறகு மைனி என்னைப் பிடித்துக்கொண்டாள். "நான் குதிரையாக்கும் கொண்டு வந்தது. நீ அதை எருமையாக்கி வெச்சிருக்கா. செரி, போகட்டும். பெத்த பிள்ளைக்க வழியை நீயே மறிக்கியா?"

"ஆமா மைனி. மறிக்கியேன்" என்றேன். "எனக்கு வேற எப்படி மறிக்கன்னு தெரியல்ல."

மைனியின் மகனும் தூரத்தில்தான் இருக்கிறான். மீதிச் சுண்டலைத் தூக்குச்சட்டியில் போட்டுக்கொண்டு போனாள்.

இன்டர்வியூ ஒரு மத்தியானம் நடந்தது. வைஃபை நன்றாகக் கிடைப்பது ஹாலில் மட்டும் என்பதால், மகள் சாப்பாட்டு மேஜையில் லேப்டாப்பை வைத்து, நீளச் சுவருக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தாள். அவளுக்குப் பின்னால் எருமைகள். "நாப்பது பேரு வெள்ளைச் சொவருக்க முன்னால இருந்து பேசுவாவ. என்னை மறக்க மாட்டாவ" என்று அவளே சொல்லிவிட்டாள். அவள் அப்பா கேட்டுக்கு வெளியே காவல் நின்றார். பழைய பேப்பர்காரனையும் கோலப்பொடிக்காரனையும் கை காட்டியே துரத்தினார். நான் சமையலறை வாசலில், மிக்ஸியைத் தொடக் கூடாது, குக்கர் வைக்கக் கூடாது, தும்மக் கூடாது என்ற உத்தரவுகளோடு நின்றேன்.

திரையில் நரைத்த தலையோடு ஓர் அம்மா. பக்கத்தில் ஒரு கண்ணாடிக்காரர். மகள் நன்றாகத்தான் தொடங்கினாள். கேட்டதற்கெல்லாம் மளமளவென்று பதில் சொன்னாள். பிறகு அந்தக் கண்ணாடிக்காரர் நீளமாக ஏதோ கேட்டார். மகள் வாயைத் திறந்தாள். ஒன்றும் வரவில்லை. மறுபடி திறந்தாள். மேஜைக்கு அடியில் அவளுடைய கை துப்பட்டாவை முறுக்கிக்கொண்டிருந்ததை நான் நின்ற இடத்திலிருந்து பார்த்தேன். சின்ன வயதில் மனப்பாடப் பாட்டு மறந்துபோனால் பாவாடையை அப்படித்தான் முறுக்குவாள்.

நான் கேட்டது இதைத்தானே? இவள் பேசாமல் இருந்தால் போதும். ஜெர்மனி அங்கேயே கிடக்கும், இவள் இங்கேயே இருப்பாள். எருமைகள் வேலை செய்துவிட்டன. நான் சந்தோஷப்பட வேண்டும். நானோ, 'பேசு மோளே, பேசு, அந்த மீன்முள் சத்தத்தையாவது போடு' என்று உள்ளுக்குள் கதறினேன். 'சவங்களே, திரும்பி ஓடுங்க' என்று எருமைகளை வைதேன். அவள் தோற்று நிற்பதைப் பார்க்க எனக்குச் சக்தி இல்லை.

அப்போது அந்த நரைத்த அம்மா இலேசாகச் சிரித்து, விரலை நீட்டி, மகளுக்குப் பின்னால் காட்டி ஏதோ கேட்டார். மகள் திரும்பிப் பார்த்தாள். அவள் முதுகு குலுங்கியது. சிரித்துவிட்டாள். பிறகு பேச ஆரம்பித்தாள் பாருங்கள், நிறுத்தவே இல்லை. கையால் குதிரை ஓட்டினாள். வாசலைக் காட்டினாள். சமையலறையைக் காட்டினாள். உள்ளங்கையைப் புரட்டிப் புரட்டிக் காட்டினாள். கண்களை மூடி ஐயரைப்போல ஜெபித்தும் காட்டினாள். எனக்கு ஒரு வார்த்தைகூடப் புரியவில்லை, ஆனால் மொத்தக் கதையும் புரிந்தது. அந்தக் கண்ணாடிக்காரர் கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தார். அவர் கேட்ட கேள்வியை அவரே மறந்திருப்பார்.

திடீரென்று மகள் என் பக்கம் திரும்பினாள். "அம்மா, இங்க வா. உன்னைப் பாக்கணும்னு சொல்லுகாவ."

நான் நைட்டியில் இருந்தேன். தோளில் ஒரு துண்டை எடுத்துப் போட்டுக்கொண்டு போய் நின்றேன். நரைத்த அம்மா என்னைப் பார்த்து மரியாதையாகத் தலையசைத்துவிட்டு நிதானமாக ஏதோ சொன்னார்.

"என்னை எடுத்துக்கிட ஆசைப்படுகாவளாம்மா" என்றாள் மகள். "பேப்பர் எல்லாம் பொறவு வருமாம். அதுக்கு முன்ன உனக்கு அவிய கிட்ட ஏதாவது கேக்கணும்னா கேக்கச் சொல்லுகாவ."

கேட்பதற்கு எனக்கு எவ்வளவோ இருந்தது. வேண்டாம் என்றே சொல்லிவிடலாம், இவள் மொழிபெயர்க்காமல் விட்டாலும் என் முகத்தைப் பார்த்தே அந்த அம்மாவுக்குப் புரிந்திருக்கும். நான் துண்டைச் சரிசெய்துகொண்டேன்.

"இவளுக்குக் காய்ச்சல் வந்தா யாரு பாப்பான்னு கேளு" என்றேன்.

மகள் திரையைப் பார்த்து ஜெர்மனில் சொல்லத் தொடங்கினாள். பாதியில் நின்றுவிட்டாள். இத்தனை நாள் படித்த பாஷையில் அந்த மீதி வாக்கியம் மட்டும் அவளுக்கு வரவில்லை. உதட்டைக் கடித்துக்கொண்டு, மூக்கை உறிஞ்சிக்கொண்டு, ஒரு வழியாகச் சொல்லி முடித்தாள். அந்தப் பக்கத்தில் இப்போது யாரும் சிரிக்கவில்லை. நரைத்த அம்மா கேமராவுக்குப் பக்கத்தில் வந்து, என்னை மட்டும் பார்த்து, சின்னதாக ஒன்று சொன்னார்.

"அவிய பாப்பாவளாம்மா" என்றாள் மகள். "அவியளே வந்து பாப்பாவளாம்."

"சத்தியம் பண்ணச் சொல்லு" என்றேன்.